செல்டிக் டிக்கெட் வேண்டாம், தம்பி

அன்பின் தம்பிக்கு,

நீ அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. பிறந்தநாளுக்கு அப்பா, கிளாஸ்கோவின் பெரிய உதைபந்தாட்டக் கழகமான செல்டிக்கின் மைதானத்தில், செல்டிக் பார்க்கில், ஒரு சீசன் டிக்கெட் எடுக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். மேலே கூரை இருக்கும், நனையாமல் இருந்து பார்க்கலாம், ஆட்டமும் ஆட்டமாக இருக்கும் என்கிறாய். எல்லாம் சரி. ஆனால் அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், முறை வருவதற்குள் எனக்குப் பொல்லுப் பிடிக்கிற வயது வந்துவிடும். அதைவிட, நான் செல்டிக்காரன் இல்லை. அந்தக் காசில் எங்கள் கோட்பிரிட்ஜ் ஊர்க் கழகமான அல்பியன் ரோவர்ஸின் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு ஒன்று, கடைக்குப் பேப்பர் போட வருகிற பெடியனுக்கு ஒன்று. மிச்சத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். என்ன செய்தாள் என்று நீயே கேட்டுப் பார்.

போன கிழமை போனில் சொன்னாய்: “அப்பா, அது முடிஞ்ச கேஸ். லீக்கிலேயே இல்லை. ஏன் மழைக்குள்ள போய் நிக்கிறீங்கள்?” போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது. நீ கணக்குப் படித்தவன், நான் ஒரு வசனம் சொல்ல முதல் நீ மூன்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு பிரிவுள்ள ஸ்கொட்டிஷ் லீக்கில் இல்லை என்பது உண்மைதான். 2023 மே மாதம் எடின்பரோவின் ஸ்பார்டன்ஸ் அணி எங்கள் மைதானத்துக்கே வந்து எங்களைக் கீழே தள்ளிவிட்டுப் போனது. 1903-இல் முதன்முதலில் லீக்கில் சேர்ந்த கழகம் அல்பியன் ரோவர்ஸ். விழுந்ததிலிருந்து அதற்குக் கீழே இருக்கிற லோலண்ட் லீக்கில் ஆடுகிறோம். நீ இங்கே பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைசிப் பிரிவிலிருந்து யாரும் விழ முடியாது, விழுவதற்கு இடமே இல்லை. ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் தொடர்ந்து ஐந்து சீசன் கடைசியாக வந்தும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் இருந்தார்கள். 2015-இல் இருந்துதான், கடைசியாக வருகிறவன், வடக்கின் ஹைலண்ட் லீக், தெற்கின் லோலண்ட் லீக்கில் இருந்து வருகிற ஒருவனோடு மோதி இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆனது. அதற்குப் பிறகு 2016-இல் ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் போனது, 2019-இல் பேரிக், 2021-இல் பிரீக்கின், 2022-இல் கௌடன்பீத். அடுத்த ஆண்டு நாங்கள்.

விதி பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கீழே நன்றாக ஆடுகிற ஊர் மேலே வரத்தானே வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது வேறு விஷயத்தில். கீழே போனால் அங்கேயும் செல்டிக்! அவர்களும் எடின்பரோவின் ஹார்ட்ஸும் தங்கள் இளைஞர் அணிகளை லோலண்ட் லீக்கில் இறக்கியிருந்தார்கள். புள்ளி எடுப்பார்கள், ஆனால் மேலே போகவும் மாட்டார்கள், கீழே விழவும் மாட்டார்கள். எங்களுக்கு வாழ்வா சாவா என்றிருக்கிற லீக், அவர்களுக்குப் பயிற்சிக் களம்.

சனம் ஏன் வருவதில்லை என்று நீ கேட்கவில்லை. விடை உனக்குத் தெரியும், அந்த விடைக்குள் நீயும் இருக்கிறாய். சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து ரோல் அடுக்கும்போது தெருமுனையில் பஸ் நிற்கும். செல்டிக்கின் பச்சை ஸ்கார்ஃப் எல்லாம் ஒரு பஸ்ஸில், கிளாஸ்கோவின் மற்றப் பெரிய கழகமான ரேஞ்சர்ஸின் நீல ஸ்கார்ஃப் எல்லாம் வேறொரு பஸ்ஸில். சிகரெட்டும் ஐர்ன் புரூ சோடாவும் என்னிடம் வாங்கிக்கொண்டு கிளாஸ்கோவுக்கு ஏறுவார்கள். செல்டிக் பார்க்கில் அறுபதாயிரம், ரேஞ்சர்ஸின் ஐப்ரொக்ஸில் ஐம்பதாயிரம். ஐரோப்பாவில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் உதைபந்தாட்டம் பார்க்க அதிகம் போகிறவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். போகிறார்கள்தான், ஆனால் பெரும் பங்கு இரண்டு வாசல்களுக்குள் போகிறது. கோட்பிரிட்ஜில் நாற்பதாயிரத்துக்கு மேல் சனம். எங்கள் மைதானமான கிளிஃப்டன்ஹில்லுக்கு வருவது சில நூறு பேர்.

இந்த ஊருக்கு அதில் ஒரு தனிக் கதையும் உண்டு. இங்கே கார்ட்ஷெரியில் 1830-இல் இரும்பு உலை மூட்டிய பிறகு அயர்லாந்திலிருந்து சனம் வந்து குவிந்தது. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் ஊரில் பலர். அவர்களுக்குச் செல்டிக் வெறும் கழகமில்லை, சபையும் சொந்தமும் சேர்ந்தது. நாங்கள் வந்து இறங்கி, கத்தோலிக்க வேதக்காரர் என்று தெரிந்ததும் கோயிலில் முதலில் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? “பையனுக்குச் செல்டிக் ஜேர்சி வாங்கியாச்சா?” உனக்குப் பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஜேர்சி வாங்கித் தந்தது நான்தான். வகுப்பில் எல்லோரும் ஒரு பக்கம் நிற்க, நீ மட்டும் ரோவர்ஸின் மஞ்சளும் சிவப்பும் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ தெய்வமாகக் கும்பிடுகிற ஜொக் ஸ்டீன், 1967-இல் லிஸ்பனில் செல்டிக்கை ஐரோப்பியக் கிண்ணம் தூக்க வைத்த அந்த மேலாளர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே ஆடப் பழகியது எங்கே? கிளிஃப்டன்ஹில்லில். 1942-இல் இருந்து 1950 வரை ரோவர்ஸ்காரன். இன்றைக்கு எங்கள் ஊரைக் காலியாக்கிக்கொண்டு போகிற அந்தப் பஸ்களை நிரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரிய கழகம் என்றால் கிண்ணம், சின்னக் கழகம் என்றால் கவலை என்று நீ நினைக்கிறாய். 1920-ஐக் கேள். அந்த சீசனில் ரோவர்ஸ் முதல் பிரிவில் கடைசி, இருபத்திரண்டாவது இடம். அதே சீசனில் ஸ்கொட்டிஷ் கிண்ண அரையிறுதியில் ரேஞ்சர்ஸோடு மோதினார்கள். முதல் ஆட்டம் சமன், இரண்டாவதும் சமன், மூன்றாவதில் 2–0 என்று வென்றார்கள். அந்த ஆண்டு லீக்கை வென்றதும் அதே ரேஞ்சர்ஸ்தான்! ஹாம்ப்டன் மைதானத்தில் இறுதியாட்டம், கில்மார்னொக்கிடம் 3–2 என்று தோற்றோம். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தத் தோல்வியை வெற்றி மாதிரிக் கதைக்கிற கிழவர்கள் எங்கள் பக்கத்து இருக்கைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பிறக்க முதல் நடந்தது, ஆனால் நேரில் பார்த்த மாதிரிச் சொல்வார்கள். நானும் இப்போது அப்படித்தான் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

1936-இல் ரேஞ்சர்ஸ் இங்கே வந்தபோது கிளிஃப்டன்ஹில்லுக்குள் 27,381 பேர். இன்றைக்கு உள்ளே விட அனுமதி ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான், அதுவும் நிரம்புவதில்லை. மைதானத்தைச் சுற்றி ஒரு காலத்தில் நாயோட்டமும் ஸ்பீட்வே மோட்டார்சைக்கிளும் ஓடின. காசுக்காகத்தான். அதனால் பார்க்கிறவனுக்கும் பந்துக்கும் நடுவில் தேவையில்லாத தூரம். ஆனால் சனம் குறைவென்பதால் ஒரு வசதி: நீ கத்துவது எல்லாமே கேட்கும். ஒருவர் நடுவரைப் பார்த்து, “உன் கண்ணாடியை என் மனிசி எடுத்து வச்சிருக்கிறா, வந்து வாங்கிக்கொண்டு போ” என்று கத்த, நடுவர் சிரித்துவிட்டு அடுத்த நிமிடமே எங்களுக்கு எதிராக ஃப்ரீகிக் கொடுத்தார். அறுபதாயிரம் பேருக்குள் நடுவர் உன் குரலைக் கேட்பாரா?

இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை டிவியில் நேரடியாகக் காட்டக் கூடாதென்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. சின்னக் கழகங்களின் வாசலில் ஆள் குறையக் கூடாதென்று செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் டிவிக்காகச் செல்டிக் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால், அந்தச் சனிக்கிழமை ஊரே சும்மா இருக்கிறது, அப்போதும் இங்கே வருகிறார்களா? இல்லை. பழக்கம் விட்டுப்போனால் நேரம் இருந்தும் பிரயோசனமில்லை. 2014-இல் ரோவர்ஸ், சீசன் டிக்கெட்டுக்கு உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்றே அறிவித்தார்கள். பத்திரிகையெல்லாம் எழுதியது. நல்ல காலமும் அதுதான்: அதற்கு முந்திய குளிர்காலத்தில் மதர்வெல்லைக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றி, மார்ச்சில் ஐப்ரொக்ஸில் ரேஞ்சர்ஸை 1–1 என்று மறித்தோம். 2015-இல் பிரிவையும் வென்றோம். எட்டே வருடத்தில் லீக்குக்கு வெளியே.

“ஏர்ட்ரியோடு சேர்த்துவிட வேண்டியதுதானே, இரண்டு மைல் தூரத்தில் இரண்டு கழகம் எதற்கு” என்றாய். கனடாவில் இருந்து வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1964-இல் இதைச் செய்து பார்த்தார்கள். ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயரை ஃபால்கர்க்கில் இருந்து பெயர்த்து கிளைட்பேங்க்கோடு ஒட்டினார்கள். பங்குதாரர்கள் நீதிமன்றம் போய், ஒரே சீசனில் கழகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஏர்ட்ரிக்கே என்ன நடந்தது? 2002-இல் கடனில் மூடப்பட்டது. பிறகு புதுக் கழகம் தொடங்கி, நொடிந்து கிடந்த கிளைட்பேங்க்கின் லீக் இடத்தை வாங்கித்தான் எழும்பினார்கள். கிளைட்பேங்க்காரர் அடிமட்டத்தில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. சேர்ப்பது, வாங்குவது எல்லாம் காகிதத்தில் சுகம். யாரோ ஒரு ஊர்ச் சனம் அதற்கு விலை கொடுக்கிறது.

பணக்காரன் ஒருவன் வந்து தூக்கிவிடுவான் என்ற ஆசையும் எனக்கில்லை. கிரெட்னா அப்படித்தான் ஆனது. மூவாயிரம் பேர் இருக்கிற ஊர், 2002-இல் லீக்கில் சேர்ந்து, ஒருவருடைய காசில் 2006-இல் கிண்ண இறுதியாட்டம், 2007-இல் உயர்ந்த பிரிவு. அவர் நோயில் விழுந்ததும் 2008-இல் கழகமே இல்லை. மாமனார் காசில் நடத்திய கலியாண வீடு மாதிரி, பந்தல் பிரிக்கக் கூலி கொடுக்க ஆளில்லை.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க் பக்கம் போனால் காத்கின் பார்க் என்று ஒன்று இருக்கிறது. தேர்ட் லானார்க் கழகத்தின் மைதானம். 1961-இல் நூறு கோல் அடித்து லீக்கில் மூன்றாவதாக வந்தார்கள். 1967-இல் இழுத்து மூடினார்கள், ஆறே வருடம்! ஆள் இல்லாமல் அல்ல, நிர்வாகம் சரியில்லாமல். படிக்கட்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் மரம் வளர்ந்திருக்கிறது. அம்மாவோடு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள்தான் இருந்தார்கள். லீக்கிலிருந்து விழுவது ஒன்று, மூடுவது வேறொன்று. நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கதைக்கிறாய். ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் விழுந்தார்கள், சொந்த மைதானமும் போனது, ஆனாலும் அடுத்த சனிக்கிழமைகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அலெக்ஸ் பெர்குசன் மேலாளராகத் தொழில் தொடங்கிய கழகம் அது.

கணக்கு எனக்கும் விளங்குகிறது. லீக்கின் பங்குப் பணம் இல்லை, பழைய மைதானத்தின் செலவு குறையவில்லை, வாசல் காசு கொஞ்சம். கதவடியில் டிக்கெட் கிழிக்கிறவரும் இடைவேளையில் சீட்டு விற்கிறவரும் கூலி வாங்காத ஆட்கள், அவர்களுக்கும் வயது போகிறது. திரும்ப லீக்குக்குப் போவோமா என்று கேட்டால் என்னால் பந்தயம் கட்ட முடியாது. எனக்கு அது அவ்வளவு அவசரமும் இல்லை. சிறிய லீக்கில், சிறிய செலவில், ஊர்ப் பெடியளை வைத்து ஆடினால் போதும் என்பேன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து இருக்கைக்காரர்களே என்னை அடிக்க வருவார்கள்.

நாங்கள் விட்டு வந்த ஊரிலும் விளையாட்டுக் கழகம் இருந்தது, உனக்குக் கதை சொல்லியிருக்கிறேன். சண்டையில் சனம் இடம்பெயர்ந்து போக, மைதானத்தில் புல்தான் மிஞ்சியது. அங்கே ஆட்கள் இல்லாமல் போனார்கள். இங்கே ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், வருவதில்லை. முதலாவதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவதில் ஒரு டிக்கெட்டாவது எடுக்கலாம் அல்லவா?

சரி, நத்தாருக்கு வருகிறீர்கள் என்று மருமகள் அம்மாவுக்குச் சொன்னாவாம். அந்தச் சனிக்கிழமை வீட்டு ஆட்டமாக இருந்தால் பேரனை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், நீயும் வா. பச்சை ஸ்கார்ஃப் மட்டும் வேண்டாம், எனக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது. பிள்ளைக்குத் தடித்த காலுறையும் கையுறையும் எடுத்து வா. இங்கே வாங்கலாம் என்று வெறுங்கையோடு வராதே, போன முறையும் அப்படித்தான் சொன்னாய். இடைவேளையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும், போவ்ரில் என்கிற சூடான மாட்டிறைச்சிச் சாறும் என் செலவு.

அன்புடன்,
அப்பா