அந்தச் சில சொட்டுகளுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் பேத்திக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையம் போயிருந்தேன். நர்ஸம்மா கன்னத்தை லேசாக அழுத்தி கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தை வாயில் விட, அது சப்புக்கொட்டி விழுங்கியது. அவ்வளவுதான், பத்து விநாடி. ஆனால் நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் மருந்தின் கதை 1980களில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளம் குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸில் தொடங்கி, டெல்லி, புணே, வேலூர் என மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதனை நடந்து, 2016இல்தான் அரசின் தடுப்பூசித் திட்டத்துக்கு வந்தது. முப்பது வருஷம்! நடுவில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் போட்டார்கள்.

நம்மூர் வசதியானவர்களும் தாராளமாகத்தான் கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் கட்டடத்துக்கு, ஸ்கேன் மெஷினுக்கு. இந்த மாதிரி ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்க் குழந்தையின் எடை பார்த்து, மலப் பரிசோதனைக்கு டப்பா வாங்கிவரும் பெண்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டுமே, அந்த மாதிரிகளை வைக்கும் ஃப்ரீசருக்குக் கரன்ட் பில் கட்ட வேண்டுமே, அதற்கு யார் கொடுப்பது? நன்கொடை தருபவர்கள் குழந்தை நல ஆய்வு ஒன்றையாவது பத்து வருஷம் விடாமல் தாங்கிப் பிடிக்க முன்வர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பாட்டி,
காட்பாடி