கடலோரக் கலை முகாம்களில் உள் மாவட்டத்தாருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர இயற்கையைப் பார்த்து வரைவதற்காக ஓவியர்களையும் சிற்பிகளையும் சில வாரங்கள் தங்கவைக்கும் 'ரெசிடென்சி' முகாம்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேலத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வசிப்பவன் நான். அந்த அனுபவத்தில் ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன்.

கடற்கரையில் தங்கி ஓவியம் தீட்டுவது நமக்குப் புதிதல்ல. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த கலைஞர்களும், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். இன்றைய முகாம்களில் தங்குமிடம், உணவு, வண்ணம் ஆகிய செலவுகளை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், செலவை ஏற்பவரின் மொழியும் கூடவே வந்துவிடுகிறது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகள். அப்படியொரு முகாமுக்கு அவள் விண்ணப்பித்தபோது, தன் கலைநோக்கை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தமிழில் எழுதி அனுப்பினாள், பதிலே வரவில்லை. மறு ஆண்டு அதையே வேறொருவர் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க, பத்து நாள் தங்க இடம் கிடைத்தது. ஓவியங்கள் இரண்டு முறையும் அவையேதான்.

அந்தப் பத்து நாளில் அவள் அலையையும் வரையவில்லை, படகையும் வரையவில்லை. நீர் வற்றிய ஈர மணலில், விரல்நகம் அளவேயுள்ள நண்டுகள் தம் வளையைச் சுற்றி உருட்டி வைக்கும் மணல் உருண்டைகளையே திரும்பத் திரும்ப வரைந்தாள். ஓதம் ஏறியதும் அத்தனையும் கரைந்துவிடும், இறங்கியதும் நண்டு மறுபடி தொடங்கும் என்றாள். அப்பா கொலுசில் மணி கோத்து வைப்பதுபோல் அந்த வரிசை இருந்ததாம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அன்று வீசியது வாடையா கொண்டலா என்று மீனவப் பெரியவர் ஒருவரைக் கேட்டுக் குறித்திருந்தாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த உருண்டைகளை மிதித்துக்கொண்டே போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சேலத்தாருக்குக் கடலோடு என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடி, சாக்கடையையும் சாயக் கழிவையும் ஜவ்வரிசி ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து ஆறு கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி அந்த நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுவதால், கழிமுகத்துக்கும் கரைக்கும் போய்ச் சேரவேண்டிய மண் குறைந்துபோகிறது. கரை அரிக்கப்படுவதை வரைய வரும் ஓவியர், அந்த மண் எங்கே தங்கிவிட்டது என்பதையும் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பது நல்லது.

ஆகவே, இத்தகைய முகாம்களை நடத்தும் அரசுத் துறைகளும் தனியார் அமைப்புகளும் விண்ணப்பத்தையும் நேர்காணலையும் தமிழிலும் ஏற்க வேண்டும். சேலம், தருமபுரி, நாமக்கல் போன்ற உள் மாவட்டங்களின் இளைஞர்களுக்குச் சில இடங்களை ஒதுக்க வேண்டும். பத்து நாள் என்பது மணலில் கால் பழகுவதற்கே சரியாகப் போய்விடுகிறது. ஒரு மாதமாவது தங்கினால்தான் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் காண முடியும். அதில் ஓரிரு நாளை ஆற்றின் மேற்பகுதியில் கழிக்கத் திட்டமிட்டால், திருமணிமுத்தாற்றின் கரையோரமாக அவர்களை அழைத்துச் செல்ல நானும் என் பழைய மாணவர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.