121 தோல்விகளுக்குப் பிறகு: ஒயிட் சாக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப் அவர்களுக்கும், பொது மேலாளர் கிறிஸ் கெட்ஸ் அவர்களுக்கும்,

வணக்கம். இது 2024 டிசம்பர். போன வாரம்தான் பந்துவீச்சாளர் கேரட் குரோஷேவையும் பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்தச் சூட்டில்தான் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏப்ரலில் என் மாமனார் திருச்சியிலிருந்து வந்தார். அக்டோபரில் ஊர் திரும்பினார். அவர் இங்கே இருந்த ஆறு மாதமும் உங்கள் சீசனும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடின. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த மனிதர். "ஆறு மாசத்துல 162 மேட்ச்சா? இவங்களுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்றுதான் ஆரம்பித்தார். முதல் 25 ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்தது மூன்று. அதிலேயே அவருக்கு ஒரு பரிதாபம் வந்துவிட்டது. பரிதாபம்தான் பிறகு பாசமாயிற்று என்று நினைக்கிறேன்.

ஜூலை வந்தபோது தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பார். "நேத்தாவது ஜெயிச்சாங்களா, மாப்பிள்ளை?" ஜூலை 10-இலிருந்து ஆகஸ்ட் 5 வரை எனக்கு ஒரே பதில்தான். தொடர்ந்து 21 தோல்வி. ஆகஸ்ட் 6 ராத்திரி ஓக்லண்டில் 5-1 என்று ஜெயித்தீர்கள், அவர் தூங்கிவிட்டார். காலையில் சொன்னால் நம்பவில்லை, ஹைலைட்ஸ் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து, அணியை நடத்திய பெட்ரோ கிரிஃபோலை வேலையை விட்டு அனுப்பினீர்கள். "இருபத்தோரு நாள் தோத்தப்ப வச்சிருந்துட்டு, ஜெயிச்சதும் அனுப்புறாங்களே?" என்று கேட்டார் மாமா. தோற்றது 21 ஆட்டம், நாள் கணக்கு வேறு என்று திருத்தினேன். அதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

தோற்றதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. இது சொல்லிக்கொள்ளும் சமாதானம் இல்லை. செப்டம்பர் 24 சாயங்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் கணக்கில் 120 தோல்வி. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் வைத்த கணக்கு அது. இன்னொன்று சேர்ந்தால் நவீன காலத்தின் மோசமான சாதனை உங்களுடையது. ரெட் லைன் ரயிலில் 35-ஆம் தெருவில் இறங்கி நடந்தபோதே மாமா சொன்னார், "இந்தக் கூட்டம் மேட்ச் பாக்க வரலை மாப்பிள்ளை, சாவு வீட்டுக்கு வருது." ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் எதிரணியான ஏஞ்சல்ஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. அரங்கத்தில் "அணியை வித்துடு" என்ற கோஷம். அது யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் எட்டாவதில் மூன்று ரன். பெனின்டெண்டி அடித்த அடியில் முன்னுக்கு வந்தபோது, சாதனையை நேரில் பார்க்கவென்றே வந்த நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். மாமா தொப்பியைக் கழற்றிச் சுற்றினார். மறுநாள் கூடுதலாக ஆடிய பத்தாவது இன்னிங்ஸில் அதே பெனின்டெண்டி அடித்து 4-3. அதற்கு மறுநாள் 7-0. மூன்று நாள் அந்த 121-ஐ ஊருக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்தது உங்கள் அணி.

கடைசியில் அது டெட்ராய்டில் வந்தது, செப்டம்பர் 27, 4-1. அன்றைக்குத்தான் அந்த ஊர் அணியான டைகர்ஸ் பத்து வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்குள், கோப்பைக்கான சுற்றுக்குள், போனார்கள். 2003-இல் 119 ஆட்டம் தோற்ற அதே டைகர்ஸ். அதற்குப் பிறகும் நம் பையன்கள் மீதி இரண்டையும் ஜெயித்து 41-121 என்று முடித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு சொல்கூட இல்லை.

என் வழக்கு உங்களோடு. "அணியை மறுபடி கட்டுகிறோம், பொறுத்திருங்கள்" என்று 2016 டிசம்பரில் சொன்னீர்கள். கிறிஸ் சேல், நெட்டையான இடதுகைப் பந்துவீச்சாளர், பாஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு நாலு இளைஞர்கள் வந்தார்கள். மொன்காடாவும் கோப்பெக்கும் அதில் பெரிய பெயர்கள். பொறுத்திருந்தோம். 2018-இல் உலகத் தொடரின், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரின், கடைசி அவுட்டை சேல் பாஸ்டன் சட்டையில் எடுத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிடைத்தது 2020-இலும் 2021-இலும் பிளேஆஃப், இரண்டு முறையும் முதல் தொடரிலேயே வெளியே. 2022-இல் பாதிக்குப் பாதி. 2023-இல் 101 தோல்வி. இந்த ஜூலையில் கோப்பெக்கை டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தீர்கள். அக்டோபரில் அவர்கள் உலகத் தொடரையே ஜெயித்துவிட்டார்கள். நவம்பரில் மொன்காடாவும் கிளம்பினார். இப்போது குரோஷே, இந்த சீசனில் 209 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளர் அடிக்க முடியாமல் அவுட்டாவது) எடுத்தவர். அவரும் நெட்டை, அவரும் இடதுகை, அவரும் பாஸ்டனுக்கு. வருவதும் நாலு இளைஞர்கள். பழைய சீட்டுக்குக் கணக்குக் காட்டாமல் புதுச் சீட்டுக்கு ஆள் சேர்ப்பதை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். சிரித்தார்.

ஒன்றை மறைக்கவில்லை: 1917-க்குப் பிறகு 88 வருஷம் கழித்து 2005-இல் கோப்பை வந்ததும் ரைன்ஸ்டார்ஃப் காலத்தில்தான். அதற்கு நன்றி. ஆனால் 1988 ஜூன் 30 நள்ளிரவில், அணி ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், இல்லினாய் சட்டமன்றத்தின் கடிகாரத்தையே நிறுத்திவைத்து உங்களுக்கு அரங்கம் கட்ட ஓட்டுப் போட்டார்கள். 1991-இல் திறந்த அந்த அரங்கம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் சிகாகோவின் தெற்கு லூப் பகுதியில் புதிது ஒன்றுக்கு சுமார் 100 கோடி டாலர் பொதுப்பணம் தேடினீர்கள். ஆட்டக்காரருக்கு நீங்கள் கொடுத்ததிலேயே பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டியின் 7.5 கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது புது அரங்கமும் இல்லை, 2025-இல் கோப்பையும் இல்லை. இந்த முறை கட்டுமானம் எந்த வருஷம் முடியும், எத்தனை வெற்றி வந்தால் முடிந்தது என்று அர்த்தம், அதற்குள் இந்த நாலு பேரில் யாரை விற்கமாட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நேற்று மாமா போனில் கூப்பிட்டார். "அந்த நெட்டைப் பையன் அடுத்த வருஷம் இருக்கான்ல?" என்றார். இல்லை என்றேன். சரி, அப்ப யாரைப் பாக்குறது என்று கேட்டார். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
35-ஆம் தெரு ரயிலில் வருகிற ஒரு ரசிகன்