மாத்திரைகளை மேசையில் கொட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவரைக் காணொளியில் பார்ப்பது பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பினாங்குப் பாலத்து நெரிசல் இல்லை, கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம், எல்லாம் சரிதான். ஆனால் அழைப்பு வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே!

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஜெலுத்தோங்கில் என்னோடு இருக்கிறார். முதல் காணொளிச் சந்திப்புக்கு நாங்கள் செய்த ஒரே ஏற்பாடு, அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டதுதான். கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து வைத்தேன். டாக்டருக்குத் தெரிந்தது அம்மாவின் நெற்றியும் மேலே சுற்றிய காற்றாடியும். பாதிப் பேச்சில் ஜொகூரிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் கூப்பிட, படம் நின்றுபோனது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். "காலையில் ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு வெள்ளை, அப்புறம் ஒரு மஞ்சள்" என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த தடவை முதல் நாள் இரவே வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டினோம். அரசாங்கக் கிளினிக் பை ஒன்று, பக்கத்துத் தனியார் கிளினிக் கொடுத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள், சாமி மேடைக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டை. ஒவ்வொன்றையும் கேமராவுக்கு அருகில் காட்டச் சொன்னார் டாக்டர். ஒன்றில் மெட்ஃபார்மின் என்றிருந்தது, இன்னொன்றில் குளுகோஃபேஜ். இரண்டும் ஒரே மருந்தாம்! ஓர் இடத்தில் வாங்குவது மற்ற இடத்துக்குத் தெரியாததால், அம்மா இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார். இரண்டு மாதமாக வயிறு சரியில்லை என்று அவர் புலம்பியதற்கு நான் நாசி கண்டார் சோற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு இந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, எதை நிறுத்துவது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

அம்மா காலையில் குடிக்கும் பாகற்காய்ச் சாறு என் காதுக்கே எட்டாத சங்கதி. நான் தண்ணீர் எடுக்க எழுந்துபோன நேரத்தில்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டால் இப்படித்தான். இரண்டு நிமிடமாவது பெற்றோரைத் தனியே பேசவிடுங்கள்.

மொழிபெயர்ப்பதிலும் நான் தவறிவிட்டேன். தலைவலி, தலைசுற்றல், கண் இருட்டுவது மூன்றுக்கும் "பெனிங்" என்று ஒரே மலாய்ச் சொல்லைப் போட்டேன். "எந்திரிச்சு நின்னாத்தான் கண்ணு இருட்டுது" என்று அம்மா சொன்னதை அப்படியே சொன்ன பிறகுதான், உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். எப்போது, எப்படி, எத்தனை நாளாக என்று அவர்கள் வாய்மொழியிலேயே முன்கூட்டி ஒரு தாளில் குறித்து வைத்தால் இந்தத் தடுமாற்றம் வராது.

வீட்டில் ரத்த அழுத்தம் அளவெடுப்பதிலும் அவசரம் ஆகாது. காப்பி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் கட்டக் கூடாது. சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பார்க்க டாக்டர் கேட்கலாம். வெளிச்சம் விழும் சன்னல் பக்கமாக உட்காருங்கள். நெஞ்சுவலி, திடீரென்று ஒரு பக்கம் செயலிழப்பது, வாய் குழறுவது என்றால் காணொளிக்குக் காத்திராமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கிளினிக்குகளிடம் ஒரு விண்ணப்பம். எங்களுக்கு வந்த குறுஞ்செய்தியில் நாளும் நேரமும் இணைப்பும் மட்டுமே, அதுவும் மலாயில். "சாப்பிடும் எல்லா மருந்தையும் கையில் வைத்திருங்கள்" என்று தமிழிலும் ஒரு வரி சேர்த்தால் என்ன?

அடுத்த சந்திப்பு வரும் செவ்வாய்க்கிழமை. அன்று காலை பதினொரு மணிக்குக் கூப்பிடக் கூடாது என்று தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது.

வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு