உட்புறத்தைப் புதுப்பிக்கும்போது எங்களையும் நினையுங்கள்: சொகுசுக் கார் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சொகுசுக் கார் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பிலும், வடிவமைப்பு, விற்பனை, சேவைப் பிரிவுகளிலும் இருக்கும் பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

ஒரே நிறுவனத்தின் கார்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கி ஓட்டி வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். விற்பனையில் இருக்கும் ஒரு மாடலின் உட்புறத்தை நடுவில் மாற்றி அமைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மாற்றத்துக்கு முன்பே அதே மாடலை உங்களை நம்பி வாங்கியவர்களுக்கு, மாற்றம் வந்த அன்று நீங்கள் என்ன சொல்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலான நேரங்களில் நீங்கள் எதுவும் சொல்வதுமில்லை, செய்வதுமில்லை.

காரின் வெளித்தோற்றத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சாலையில் செல்லும் மற்றவர்கள். உரிமையாளரின் கண்ணும் கையும் அன்றாடம் பழகுவது டேஷ்போர்டோடும், ஸ்டீயரிங்கோடும், இருக்கையோடும்தான். முன்பெல்லாம் உட்புறப் புதுப்பிப்பு என்றால் மரவேலைப்பாட்டின் நிறம் மாறும், தோல் இருக்கையின் தையல் மாறும், அவ்வளவுதான். பழைய காரின் உட்புறம் பழையதாகத் தெரியுமே தவிர, செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 2001இல் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸ் காரில், பல வசதிகளை ஒரு குமிழாலும் திரையாலும் இயக்கும் ஐடிரைவ் முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து நிலைமை படிப்படியாக மாறிவிட்டது. 2018இல் மெர்சிடிஸ், தொடுதிரையாலும் குரலாலும் இயக்கும் எம்பியுஎக்ஸ் முறையை அறிமுகப்படுத்தியது. 2021இல் வந்த அதன் இக்யூஎஸ் மின்சாரக் காரில் 141 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் திரையே டேஷ்போர்டாக நின்றது. அதாவது, உட்புறத்தின் பெரும்பகுதி இன்று ஒரு கணினி. நல்ல தோலும் மரமும் இருபது ஆண்டுகள் தாங்கும். அவற்றுக்கு நடுவே நீங்கள் பதித்திருக்கும் கணினி அதில் பாதிக் காலத்துக்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டையும் ஒரே பொருளாகச் சேர்த்து, ஒரே விலைக்கு, 'நீண்ட காலம் உழைக்கும்' என்ற பேச்சோடு விற்பவர்கள் நீங்கள்தான் என்பதால், அந்த இடைவெளிக்கான பொறுப்பும் உங்களுடையதே.

ஒரு மாடல் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் விற்பனையில் இருக்கும், மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில் அதற்கு ஒரு ஃபேஸ்லிஃப்ட், அதாவது இடைக்காலப் புதுப்பிப்பு, வரும் என்பது கார் வாங்கும் எவரும் ஓரளவு அறிந்ததுதான். ஆனால் எந்த மாதம் வரும், உட்புறத்தில் எது மாறும் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அச்சுகள் செய்யவும், உதிரிபாகத் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போடவும் நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், நீங்கள் அதை வெகு முன்னதாகவே அறிந்திருக்கிறீர்கள். மாற்றத்துக்கு முந்தைய மாதங்களில் இருப்பில் உள்ள கார்களை விற்றுத் தீர்க்கும் வேகம் கூடுகிறது. அப்போது எளிதாகக் கையெழுத்திடுபவர் உங்களோடு ஏற்கெனவே பழகிய வாடிக்கையாளர். புதிதாக வருபவர் நான்கு நிறுவனங்களின் கார்களை ஒப்பிட்டுப் பார்ப்பார், இணையத்தில் துருவித் தேடுவார். பழைய வாடிக்கையாளர் நேரே உங்கள் விற்பனையாளரிடம் கேட்பார். அவர் சொல்வதை நம்புவார்.

நானும் கேட்டேன். உட்புறத்தில் மாற்றம் ஏதேனும் வரவிருக்கிறதா, வருமென்றால் காத்திருக்கத் தயார் என்று வெளிப்படையாகச் சொல்லியே கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சில மாதங்கள் கழித்து முதல் சர்வீஸுக்குக் காரை விட்டுவிட்டு ஷோரூமில் காத்திருந்தபோது, அதே மாடலின் புதிய வடிவம் அங்கே நின்றது. கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். என் காரில் கியர் நெம்புகோலைச் சுற்றிப் பளபளக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு உண்டு. துணி பட்டாலே கீறல் விழும், விரல் பட்ட இடமெல்லாம் ரேகை தெரியும். புதியதில் அந்த இடத்தில் சொரசொரப்பான மரம் இருந்தது. என் காரில் ஏசி துவாரத்தைச் சுற்றியுள்ள குரோமியப் பட்டை பிற்பகல் வெயிலை நேராகக் கண்ணில் அடிக்கும். புதியதில் அது மங்கலான உலோகமாக மாறியிருந்தது. ரிவர்ஸ் போட்டால் என் காரில் கேமராப் படம் வருவதற்குள் வண்டி பாதி தூரம் நகர்ந்துவிடும். புதியதில் கியரை மாற்றிய கணமே படம் வந்தது. இந்த மூன்றையும், வாங்கிய சில வாரங்களில் உங்களிடமிருந்து வந்த கருத்துக் கேட்புப் படிவத்தில் நான் எழுதியிருந்தேன். என்னைப் போன்ற பலரும் எழுதியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்களில் பலரை உறுத்துவது இதுதான். அடுத்தவர் கையில் புதிய பொருள் இருக்கிறதே என்ற ஏக்கம் அல்ல இது. காரோடு அன்றாடம் வாழ்ந்து, எங்கே கை இடிக்கிறது, எங்கே கண் கூசுகிறது, எது மழைநாளில் பனி படர்ந்த கண்ணாடியோடு போராட வைக்கிறது என்று பொறுமையாகக் கண்டு சொன்னவர்கள் நாங்கள். அந்தக் குறைகளைக் களைந்து நீங்கள் செய்த திருத்தம் 'புதுமை' என்ற பெயரில் விளம்பரமாகிறது. அதன் பயன் முழுவதும் இனி வாங்கப் போகிறவருக்கே போய்ச் சேர்கிறது. குறையைச் சொன்னவருக்கு மிஞ்சுவது, அதே குறையும், மறுவிற்பனையில் 'பழைய உட்புறம்' என்று சொல்லிக் குறைக்கப்படும் விலையும்தான்.

பொத்தான்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஸ்வீடனின் 'வி பீலேகரே' என்ற கார் இதழ் பன்னிரண்டு கார்களை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, வெப்பநிலையைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தது. பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டின் வோல்வோ வி70 காரில் அவை எல்லாவற்றுக்கும் பத்து விநாடி போதுமானதாக இருந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. சொகுசு ரகத்தைச் சேர்ந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் காரில் முப்பது விநாடிக்கு மேல் ஆயிற்று. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைக்கும் ஏற்பாடு இது என்று ஓட்டுபவர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். 2026 முதல், ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பின் மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெற, திசைகாட்டி விளக்கு, அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்றாகிவிட்டது. ஃபெராரி 2025இல் அமால்ஃபி காரின் ஸ்டீயரிங்கில் மீண்டும் உண்மையான பொத்தான்களை வைத்தது. லெக்சஸ் பல ஆண்டுகள் விடாப்பிடியாக வைத்திருந்த தொடுபலகையை 2021இல் வந்த என்எக்ஸ் காரில் கைவிட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியவர்களின் நிலை என்ன? நீங்களே சரியில்லை என்று ஒதுக்கிவிட்ட ஒரு கட்டுப்பாட்டு முறையை, காரின் ஆயுள் முழுவதும் அவர்கள் மட்டும் தடவிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பழைய காரில் புதிய உட்புறத்தைப் பொருத்துவது பொறியியல் முறைப்படி இயலாது என்று உங்கள் சேவை மையங்களில் சொல்கிறார்கள். ஓரளவு அது உண்மை. டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. அதை முழுதாக மாற்றினால் மோதல் பாதுகாப்புச் சோதனைகளை மீண்டும் செய்தாக வேண்டும். வயரிங் மாறியிருந்தால் கார் முழுவதையும் பிரிக்க நேரிடும். அவற்றை யாரும் கேட்கவில்லை. ஆனால் திரையை இயக்கும் கணினி, ஸ்டீயரிங், கட்டுப்பாட்டுக் குமிழ்கள், அலங்காரத் தகடுகள், மென்பொருள் ஆகியவற்றில் பல மனம் இருந்தால் மாற்றக்கூடியவை என்பதை உங்களில் சிலரே செய்து காட்டியிருக்கிறீர்கள். போர்ஷே 2020இல், தொண்ணூறுகளின் இறுதியிலும் அதற்குப் பிறகும் விற்ற 911, பாக்ஸ்டர் முதலிய கார்களுக்கு, பழைய வானொலி இருந்த அதே இடத்தில் பொருந்தும் புதிய கருவியைக் கொண்டுவந்தது. ஐபோனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்பிளேயும் வழிகாட்டி வரைபடமும் அதில் உண்டு, தோற்றமோ பழைய டேஷ்போர்டோடு ஒட்டிப்போகிறது. டெஸ்லா, பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களின் திரைக் கணினியை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கட்டணத்துக்குத் தந்தது. வோல்வோ 2025இல், ஈஎக்ஸ்90 காரின் அடுத்த ஆண்டு வடிவத்துக்குக் கூடுதல் திறனுள்ள மையக் கணினியைக் கொடுத்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதையே இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. முந்திக்கொண்டு வாங்கியவர் ஏமாந்தவர் ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் அந்த அறிவிப்பில் இருந்தது. மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்பதற்கு எங்களுக்கு ஏற்புடைய விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை.

இதற்கு மாறான போக்கும் பரவலாக இருக்கிறது. ஒரு காரிலிருந்து கழற்றிய திரையை அதே மாடலின் இன்னொரு காரில் பொருத்தினால் இயங்காதபடி மென்பொருள் பூட்டு போடுகிறீர்கள். திருட்டைத் தடுக்கவே அது என்கிறீர்கள். சரி, ஆனால் உரிமையாளர் தன் அடையாளத்தோடு உங்கள் சேவை மையத்துக்கே வந்து கேட்கும்போதும் அந்தப் பூட்டு ஏன் திறப்பதில்லை? ஒலியளவுக் குமிழின் மேலுள்ள ரப்பர் பூச்சு உரிந்துவிட்டது என்று போனால், குமிழ் மட்டும் தனியாக வராது, கட்டுப்பாட்டுப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். விரல் நுனி அளவுள்ள ஒரு பூச்சுக்காக, எந்தப் பழுதும் இல்லாத மின்சுற்றுகள் நிறைந்த ஒரு பலகை குப்பைக்குப் போகிறது.

பொருளின் தரத்தால் வரும் குறைகளுக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். லெக்சஸின் சில மாடல்களில் டேஷ்போர்டு வெயிலில் இளகிப் பிசுபிசுத்து, முன்கண்ணாடியில் பளபளப்பைப் பிரதிபலித்தபோது, 2010களின் நடுவில் அந்நிறுவனம் வழக்கமான வாரண்டி முடிந்த கார்களுக்கும் அதை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. புகார்கள் குவிந்த பிறகுதான் அது நடந்தது என்றாலும், நடந்தது. கணினிக்கும் இதே நியாயம் பொருந்தும். 2021இல் டெஸ்லா ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்ததற்குக் காரணம், திரைக்குப் பின்னால் இருந்த நினைவகச் சில்லு தேய்ந்துபோனதுதான்; அது செயலிழந்தால் பின்புறக் கேமராவும், கண்ணாடியின் பனி நீக்கும் கட்டுப்பாடும் கூடவே போய்விடும். எல்லாவற்றையும் திரைக்குள் அடக்கிவிட்டபின், அந்தத் திரை எத்தனை ஆண்டு உழைக்கும், எதுவரை அதற்கு மென்பொருள் தருவீர்கள், இணைப்புச் சேவை எதுவரை இயங்கும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவதுதான் முறை. 2022இல் அமெரிக்காவில் 3ஜி அலைவரிசை நிறுத்தப்பட்டபோது, எந்தப் பழுதும் இல்லாத பல சொகுசுக் கார்களில் அவசர அழைப்பு உள்ளிட்ட இணைப்புச் சேவைகள் நின்றுபோயின. அதன் உரிமையாளர்களில் எத்தனை பேருக்கு அப்படியொரு நாள் வரும் என்று வாங்கும்போது சொல்லப்பட்டது?

சந்தா முறையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இருக்கையைச் சூடாக்கும் வசதி காரிலேயே இருக்க, அதற்கு மாதக் கட்டணம் கேட்ட திட்டத்தை பிஎம்டபிள்யூ 2023இல் கைவிட்டது. கார்பிளேக்கு ஆண்டுக் கட்டணம் வாங்கிவந்ததையும் அதற்குமுன் 2019இல் நிறுத்தியது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைக் கேட்டுத் திருத்திக்கொண்டதற்குப் பாராட்டுகள். உள்ளே ஏற்கெனவே பொருத்தி, விலையிலும் சேர்த்துவிட்ட ஒன்றுக்கு மறுபடியும் காசு கேட்காதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

ஆண்டுதோறும் உங்களிடமிருந்து வாழ்த்து அட்டையும், சாவிக்கொத்தும், அறிமுக விழா அழைப்பிதழும் வருகின்றன. அவற்றின் நேர்த்தியில் குறையில்லை. அவற்றை நிறுத்திவிட்டு அந்தச் செலவை வேறொன்றுக்குத் திருப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு மாடலின் உட்புறத்தை மாற்றும்போது, அதை உலகுக்கு அறிவிக்கும் அதே நாளில், அந்த மாடலை ஏற்கெனவே வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். மாறியவற்றுள் எவை உங்கள் காரில் பொருந்தும், எவை பொருந்தா, பொருந்தாததற்குக் காரணம் என்ன, பொருந்துவதற்குக் கட்டணம் எவ்வளவு, எந்தத் திருத்தங்களை இலவசமாகவே செய்து தருகிறோம் என்று அதில் நேரடியாக எழுதுங்கள். மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதங்களில் முன்பதிவு செய்ய வருபவரிடம், புதிய வடிவம் வரவிருப்பதை உங்கள் விற்பனையாளரே சொல்லட்டும். காத்திருப்பதா, இருப்பதைக் குறைந்த விலைக்கு வாங்குவதா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். இப்படிச் சொன்னால் அந்த மாதங்களில் விற்பனை சற்றுக் குறையலாம் என்பதை அறிவேன். அந்த இழப்பை இன்றுவரை தனியாகச் சுமந்து வருபவர்கள் நாங்கள் என்பதால், அதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

என் இப்போதைய காரின் ஒப்பந்தக் காலம் முடியும் தறுவாயில், அடுத்த மாடலைப் பற்றிப் பேச உங்கள் விற்பனையாளர் அழைத்திருக்கிறார். மேலே கேட்டவற்றுக்கு எழுத்துமூலமான பதில் கிடைத்த பிறகு அவரைச் சந்திப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கார்களை நீண்ட காலமாக ஓட்டி வரும் ஓர் உரிமையாளர்