கொழும்பின் பழைய தொடர்மாடிகளில் பெயின்ட் கடைசி வேலையாக இருக்கட்டும்

கொழும்பின் பழைய தொடர்மாடிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகார சபைகளுக்கும், ஒவ்வொரு தொகுதியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கும்,

வணக்கம்.

புனரமைப்பு என்றதும் மதிப்பீட்டில் முதல் வரியாக வெளிச்சுவர்ப் பெயின்டை எழுதும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் தண்ணீர்க் கசிவு, அடுத்தது கொங்கிரீட், எல்லாம் முடிந்தபின் பெயின்ட். இந்த ஒழுங்கு மாறினால் செலவழித்த பணம் இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றோடு வரும் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் பல்கனியின் அடிப்பக்கம் பிளந்து விழுகிறது. விழுந்த இடத்தில் சீமெந்து அப்பிப் பெயின்ட் அடித்தால் வெடிப்பு மட்டுமே மறையும். துரு உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

கொங்கிரீட் வேலையில் முதலில் சாரம் கட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகக் கேட்கும் இடத்தையெல்லாம் அடையாளமிடுங்கள். புதிதாக உடைத்த முகத்தில் பினோப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள கொங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். ஆனால் இந்தச் சோதனை உப்பைக் காட்டாது. அதற்குத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். உடைக்குமுன் கீழே முட்டுக் கொடுங்கள். கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீற்றராவது கொத்தியெடுத்து, கம்பியைச் சுற்றிவரப் பளிச்சென்று தெரியும்வரை துரு நீக்குங்கள். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பதா என்பதைப் பொறியியலாளர் தீர்மானிக்கட்டும், மேசன் அல்ல. அதன்பின் பொலிமர் கலந்த சாந்தை அடைத்து 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். உப்பு ஏறிய கொங்கிரீட்டை மிச்சம் விட்டு ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டின் ஓரத்தைச் சுற்றியே அடுத்த துரு தொடங்கும்.

பல்கனியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் பல்கனியைத் தாங்கும் பிரதான கம்பி ஸ்லப்பின் மேற்பக்கத்தில் இருக்கிறது. டைல் பதிக்க மேலே கொத்துபவர் அந்தக் கம்பியைத்தான் காயப்படுத்துகிறார். வடிந்தோட வாட்டம் (சரிவு) இல்லாமல் தேங்கும் தண்ணீரும் அதையே அரிக்கிறது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல்கனியில் தண்ணீர்த் தாங்கி வைப்பது இதைவிட மோசம். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. வீட்டுத் தரை பொதுவாக ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ பாவனைச் சுமைக்கே கணிக்கப்படுகிறது. பழைய தரையின் மேல் 50 மில்லிமீற்றர் சாந்து போட்டாலே சதுர மீற்றருக்கு 100 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். உங்கள் அனுமதியில்லாமல் எந்த வீட்டிலும் இவை நடக்கக்கூடாது.

கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒன்றுதான். மூன்றாம் மாடிக்காரர் தன் பங்கை மட்டும் பிவிசியாக மாற்றி, பழைய வார்ப்பிரும்போடு சீமெந்தால் பொருத்தினால், சூட்டில் பிவிசி நீளும், சீமெந்து வெடிக்கும், இரண்டாம் மாடியின் சுவர் ஊறும். ஆகவே அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில், தற்காலிக மாற்றுவழி செய்துகொண்டு, கீழிருந்து மேலாக 110 மில்லிமீற்றர் குழாய் போடுங்கள். கூரைக்கு மேல் நீளும் காற்றுக்குழாயை வெட்டி மூட வேண்டாம். மூடினால் மேல்வீட்டில் தண்ணீர் ஊற்றும்போது கீழ்வீட்டு வளைகுழாயில் நிற்கும் தண்ணீரும் உறிஞ்சப்பட்டு, நாற்றம் வீட்டுக்குள் வரும். அந்தப் பழைய குழாய் அஸ்பெஸ்டஸாக இருந்தால் உலர்ந்தபடி உடைக்காமல், நனைத்துக் கழற்றிப் பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றுங்கள்.

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் 300 மில்லிமீற்றர் ஏறும்படி பூச வேண்டும். 48 மணிநேரம் தண்ணீர் கட்டிவைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்தபின்தான் டைல். மின்னிணைப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் புவித்தொடுப்பும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.

தொடர்மாடி உடைமை தொடர்பான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனித்தனி உறுதி வைத்திருப்போர் பலருக்கு வெளிச்சுவரும் தூணும் பொதுக்குழாயும் எல்லோருக்கும் உரியவை என்பது தெரியாது. வேலை தொடங்குமுன் குடியிருப்பாளர்களைக் கூட்டி, தமிழிலும் சிங்களத்திலும் வரைபடத்தோடு விளக்குங்கள். ஒரு வீடு கதவு திறக்காவிட்டால் முழுக் குழாய் வரிசையும் நின்றுவிடும்.

வெளிப்புற வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பகமான வெயில். ஜனவரியில் கேள்விமனு கோரினால் ஒப்பந்தகாரர் சாரம் கட்டும்போது மே மாத மழை வந்துவிடும். ஆய்வையும் மதிப்பீட்டையும் ஓகஸ்டில் முடித்து, கேள்விமனுவை செப்டெம்பரில் கோருங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் கொங்கிரீட் ஆய்வறிக்கை இணைக்கப்படாத எந்த மதிப்பீட்டிலும் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் கட்டடத் திருத்த வேலை செய்யும் பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும்