நூறு கலோரி விதியைத் திரும்பப் பெறுங்கள்: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் உணவுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இடைவேளைக்குக் கொண்டுவரும் ஸ்நாக்ஸ் 100 கலோரியைத் தாண்டக் கூடாது என்ற உங்கள் சுற்றறிக்கை குறித்து எழுதுகிறோம். அதை ஏன் அனுப்பினீர்கள் என்று தெரியும். பிள்ளைகளின் எடை பற்றிய கவலை, குழந்தைகளின் உணவைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கும் உண்டு. ஆனால் நீங்கள் தடுக்க நினைத்ததையே இந்த விதி வளர்க்கிறது. தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள்.

நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 105 கலோரி. உங்கள் விதிப்படி அது கூடாது. 200 மில்லி ஆப்பிள் ஜூஸில் சுமார் 90 கலோரி. அது கூடும். அந்த ஜூஸில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். நார்ச்சத்து இல்லையென்றே சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில் சேர்க்கிறது: மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5. நாளொன்றுக்கு 1500 கலோரி உண்ணும் குழந்தைக்கு 10 சதவீதம் என்பது சுமார் 37 கிராம். அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஜூஸ் டப்பாவிலேயே போய்விடுகிறது.

முப்பது கிராம் வறுத்த வேர்க்கடலையில் 170 கலோரி அளவில் இருக்கும், கூடவே 7 கிராம் புரதமும். ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் கடலை வேண்டாம் என்பது சரியான காரணம். கலோரியைக் காட்டி மறுப்பது சரியல்ல. புரதமும் நார்ச்சத்தும் மெதுவாகச் செரிப்பதால்தான் மதியம் வரை பசி தாங்குகிறது. ஜூஸும் மைதா பிஸ்கட்டும் அப்படித் தாங்குவதில்லை.

பெற்றோரை அதிகம் வதைப்பது வேறொன்று. பழத்தில் லேபிள் கிடையாது. வீட்டில் வேகவைத்த முட்டையிலும் நறுக்கிய கேரட்டிலும் எண் அச்சிட்டிருக்காது. டப்பாவைத் திறந்து பார்க்கும் ஆசிரியருக்கோ எண் வேண்டும். டப்பா திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் பாக்கெட்டுக்கு மாறுகிறார்கள். அந்த எண்ணையாவது நம்பலாமா? '95 கலோரி' என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும்; பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஒரு பரிமாறல் 20 கிராம்' என்றிருக்கும். பாக்கெட்டின் எடை 60 கிராம் என்றால் பிள்ளை உண்பது 285 கலோரி. பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உண்டு மூடி வைக்கும் குழந்தை எங்கே இருக்கிறது?

ஆகவே பார்க்க வேண்டியது ஊட்டச்சத்து அட்டவணையில் '100 கிராமுக்கு' என்ற நெடுவரிசை. பிரிட்டனில் பாக்கெட்டின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் காட்டும் நிறக் குறியீட்டில் 100 கிராம் உணவில் 5 கிராம் வரை சர்க்கரை இருந்தால் குறைவு, 22.5 கிராமுக்கு மேல் போனால் அதிகம். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் அச்சாவதால், முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ பழச்சாறு அடர்வோ இருந்தால் அது ஸ்நாக்ஸ் அல்ல, மிட்டாய். 'சுகர் ஃப்ரீ' பண்டங்களையும் மாற்றாகக் காட்டாதீர்கள். எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்துவிட்டது.

முழுப் பழம், காய், முட்டை, இனிப்புச் சேர்க்காத தயிர் ஆகியவற்றுக்கு எண்ணே கேட்காதீர்கள். பெற்றோர் அவற்றைத் தவிர்ப்பதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. சுற்றறிக்கை உதவ வேண்டியது அங்கேதான். நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாகும். தண்ணீரில் சிறிது உப்புக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் நிறம் நிற்கும். வெள்ளரியில் காலையிலேயே உப்புத் தூவினால் நீர் விட்டுத் துவண்டுவிடும். முட்டையும் தயிரும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஐஸ் பேக் இல்லையென்றால் வேண்டாம். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். அந்த வயதினருக்குப் பாப்கார்னும் முழுக் கொட்டைகளும் தொண்டையில் அடைக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையின் டப்பாவைச் சோதிக்கும் வளாகத்திலேயே கேன்டீன் சர்க்கரைக் குளிர்பானம் விற்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கலோரியை வாசிப்பதாகவும் கேள்விப்படுகிறோம். எட்டு வயதுக் குழந்தை தன் உணவைப் பார்த்து வெட்கப்படும்படி செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது? உடல் பருமன் பற்றிப் பேச வேண்டுமானால் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.

கோபம் மேலோங்கியிருந்தால் பொறுத்தருளுங்கள். எங்கள் கோரிக்கை இதுதான்: நூறு கலோரி விதியைத் திரும்பப் பெற்று, சேர்த்த சர்க்கரையையும் பழச்சாற்றுச் சர்க்கரையையும் அளவுகோலாக வைத்துப் புதிய சுற்றறிக்கை அனுப்புங்கள். அதே அளவுகோல் கேன்டீனுக்கும் பொருந்தட்டும். அதுவரை, பழம் கொண்டுவரும் பிள்ளையின் டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியர்களுக்கு இந்த வாரமே தெரிவித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஊட்டச்சத்துப் பணியாளர்கள்